எதேச்சாதிகாரம்: பொருளும் பயன்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் ஆங்கிலம். ஆட்சியைக் குறிக்கும் சொற்களில் இந்த இரண்டும் தமிழைத் தத்தம் பக்கம் இழுக்கின்றன. மொழிபெயர்ப்பாளர்கள், பத்திரிகை உதவி ஆசிரியர்கள், உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் ஆகியோர் இந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள்.

எதேச்சாதிகாரம் என்றால் சரியாக என்ன?

ஆள்பவர் தன் விருப்பப்படி முடிவெடுக்கிறார்; அந்த முடிவுக்கு எவரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. இப்படி நடக்கும் ஆட்சிக்குத்தான் எதேச்சாதிகாரம் என்று பெயர். அங்கே சட்டப் புத்தகம் இருக்கலாம், அமைச்சர்களும் மன்றமும் இருக்கலாம். ஆள்பவர் "இல்லை" என்றால் இவையெல்லாம் அடங்கிவிடும் என்பதே அடையாளம்.

ஆட்சி கொடூரமானதா, அதிகாரம் எவ்வளவு பெரியது என்பவை இந்தச் சொல்லின் கேள்விகள் அல்ல. அவற்றுக்கு வேறு சொற்கள் உண்டு. அவற்றையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் முக்கால்வாசிப் பிழைகள் தொடங்குகின்றன.

சொல் எப்படி அமைந்தது?

வடமொழியில் "யதா" என்றால் "எப்படியோ அப்படி", "இச்சா" என்றால் விருப்பம். யதா + இச்சா சேரும்போது ஆகாரமும் இகரமும் கலந்து ஏகாரமாகி "யதேச்சா" வரும். "விருப்பப்படி" என்று பொருள். அதனோடு அதிகாரம் சேர, ஆகாரமும் அகரமும் கலந்து ஆகாரமாகி "யதேச்சாதிகாரம்" ஆகிறது. தமிழ் வாய்க்குச் சொல்முதல் யகரம் அவ்வளவு ஒத்துவராது. யமன் எமன் ஆனான், யந்திரம் எந்திரம் ஆயிற்று. அதே வழியில் இதுவும் எதேச்சாதிகாரம் ஆயிற்று.

இதற்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு: சுயேச்சை. தேர்தலில் சுயேச்சைக் குழு என்கிறோமே, அதிலும் உள்ளது அதே இச்சைதான். தன் விருப்பப்படி நிற்பவர் சுயேச்சை. தன் விருப்பப்படி மற்றவர்களை நடத்துபவர் எதேச்சாதிகாரி. (சுயேட்சை என்று டகரம் போட்டு எழுதுவதை எந்தச் சந்தி விதியாலும் காப்பாற்ற முடியாது. ஆனாலும் சுவரொட்டிகளில் அதுதான் கூடுதலாகக் கண்ணில் படுகிறது.)

யதேச்சாதிகாரம், எதேச்சாதிகாரம், எதேச்சதிகாரம்: எது சரி?

முதல் இரண்டும் சரி. இலங்கைப் பத்திரிகைத் தமிழில் "எதேச்சாதிகாரம்" நிலைத்துவிட்டதால் அதையே பயன்படுத்துங்கள். "எதேச்சதிகாரம்" என்பது தமிழ்நாட்டு வெளியீடுகளில் நிறைய வருகிறது. சந்திப்படி அங்கே நெடில் வரவேண்டும். ஆனால் வழக்கு வலிது. மேற்கோளில் அப்படி இருந்தால் திருத்த வேண்டாம். நீங்கள் எழுதும்போது நெடிலோடு எழுதுங்கள். "ஏதேச்சாதிகாரம்" என்பது மட்டும் தெளிவான பிழை. "ஏதேனும்", "ஏதோ" ஆகியவற்றின் நினைவில் விரல் தட்டிவிடுவது.

கணினியில் பழைய கோப்புகளில் இந்தச் சொல்லைத் தேடுபவர்கள் முழுச்சொல்லையும் தட்டினால் பாதிதான் அகப்படும். "தேச்ச" என்று மட்டும் தேடுங்கள். மூன்று வடிவங்களும் வந்துவிடும்.

அச்சில் இன்னொரு தொல்லை. பத்தி ஒடுக்கமாக இருந்தால் மென்பொருள் சொல்லை நடுவில் உடைக்கும். "எதேச்-" என்று ஒரு வரி முடிந்து அடுத்த வரி "சாதிகாரம்" என்று தொடங்கினால் வாசகர் கண்ணுக்குச் சாதிதான் முதலில் தெரியும். "எதேச்சாதி-" என்று வரி முடிந்தாலும் அதே கதை. உடைத்தே ஆகவேண்டுமென்றால் "எதேச்சா-" என்ற இடத்தில் உடையுங்கள். முடிந்தால் வரியை மாற்றி எழுதிச் சொல்லை முழுசாக வைத்திருப்பது நல்லது.

"யதேச்சையாக அவரைச் சந்தித்தேன்" என்கிறோம். அங்கே "தற்செயலாக" என்றல்லவா பொருள்?

ஆம். இந்தச் சொல்லின் மிகப்பெரிய சிக்கல் இதுதான். வடமொழியில் தற்செயலைக் குறிக்க "யத்ருச்சா" என்று வேறொரு சொல் இருக்கிறது. தமிழில் இரண்டின் ஒலியும் நெருங்கி, "யதேச்சையாக" என்ற ஒரே வடிவம் "விருப்பப்படி", "தற்செயலாக" என்ற இரண்டு பொருளையும் சுமக்கிறது.

கதையில் இதனால் கேடில்லை. சட்டத் தமிழில் உண்டு. "இளைஞர் எதேச்சையாகக் கைது செய்யப்பட்டார்" என்ற வரியை ஒருவர் "காரணம் காட்டாமல் பிடித்துப் போனார்கள்" என்று படிப்பார். இன்னொருவர் "வேறு யாரையோ தேடிப் போன இடத்தில் தற்செயலாக அகப்பட்டார்" என்று படிப்பார். இரண்டாவது பொருளில் பொலிஸார்மீது குற்றமே இல்லை! இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தருவது முதற் பொருளிலான பாதுகாப்பு: சட்டத்தால் நிறுவப்பட்ட நடவடிக்கைமுறைப்படியன்றி எவரையும் கைது செய்யக் கூடாது, காரணத்தையும் அவருக்கு அறிவிக்க வேண்டும்.

எனவே தற்செயலைச் சொல்லும்போது "தற்செயலாக" என்றே எழுதுங்கள். மற்றதைச் சொல்லும்போது "காரணம் கூறாமல்", "சட்ட நடைமுறையைப் பின்பற்றாமல்" என்று செயலை விரித்து எழுதினால் எவருக்கும் மயக்கம் வராது.

சர்வாதிகாரத்துக்கும் எதேச்சாதிகாரத்துக்கும் என்ன வேறுபாடு?

சர்வம் என்றால் எல்லாம். சர்வாதிகாரம் அதிகாரத்தின் அளவைச் சொல்கிறது: ஆக்கவும் நிறைவேற்றவும் தீர்க்கவும் உள்ள அதிகாரங்கள் எல்லாம் ஒரு கையில் இருக்கின்றன. எதேச்சாதிகாரம் அதைப் பயன்படுத்தும் விதத்தைச் சொல்கிறது. ஒரு திணைக்களத் தலைவரிடம் சர்வாதிகாரம் இருக்க முடியாது. தன் சிறிய எல்லைக்குள் அவர் எதேச்சாதிகாரமாக நடக்கலாம். அதனால்தான் கீழ்மட்ட முறைகேடுகளுக்குச் சர்வாதிகாரம் என்று எழுதினால் மிகையாகத் தெரிகிறது.

ஆங்கிலத்து "டிக்டேட்டர்" என்பதற்குச் சர்வாதிகாரி என்ற பெயர் நிலைபெற்றுவிட்டது, மாற்றத் தேவையில்லை. ஆனால் ரோமாபுரி வரலாற்றை மொழிபெயர்க்கும்போது கவனம் வேண்டும். ரோமக் குடியரசில் அது சட்டபூர்வமான பதவி. நாட்டுக்கு ஆபத்து வந்தால் ஒருவரை நியமிப்பார்கள், உச்ச வரம்பு ஆறு மாதம். கி.மு. 82இல் சுல்லா கால வரம்பில்லாமல் அதைப் பெற்றார், கி.மு. 44இல் சீசர் வாழ்நாள் முழுவதற்கும் பெற்றார், அதே ஆண்டு மார்ச்சில் கொல்லப்பட்டார். சுல்லாவுக்கு முந்திய டிக்டேட்டரைச் "சர்வாதிகாரி" என்று வெறுமனே எழுதினால் மாணவர் ஹிட்லரை நினைத்துக்கொள்வார். "ஆறு மாதத்துக்கு நியமிக்கப்பட்ட சர்வாதிகாரி" என்று கால வரம்பையும் சேர்த்து எழுதுங்கள்.

தமிழிலும் இந்தச் சொல் ஒருகாலத்தில் வசைச்சொல் அல்ல. 1938இல் தமிழகத்தில் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மறியலை வழிநடத்துபவருக்குச் "சர்வாதிகாரி" என்றே பெயர். ஒரு சர்வாதிகாரி கைதானதும் அடுத்தவர் பொறுப்பேற்பார். போராட்டக் காலத்துக்கு மட்டும் முழுப்பொறுப்பு என்பதால் ரோமாபுரிப் பொருளுக்கு மிகவும் கிட்ட வந்த பயன்பாடு இது. அக்காலத் துண்டுப்பிரசுரம் எதிலாவது "சர்வாதிகாரி இன்று கைது" என்று கண்டால் மகிழ்ச்சிச் செய்தி என்று எண்ணிவிடாதீர்கள்.

கொடுங்கோன்மை?

இது சொந்தச் சொல், பழைய சொல், பொருளும் கூர்மையானது. கொடு என்றால் வளைந்த என்று பொருள். கொடுவாள் வளைந்த வாள், கொடுமரம் வில், கோயில் விமானத்தில் வளைந்து இறங்கும் கூரை விளிம்பு கொடுங்கை. செம்மை என்றால் நேர். நேரான கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். கோலோடு மை விகுதி சேர, லகரம் னகரமாகிக் கொடுங்கோன்மை ஆகிறது.

திருக்குறளில் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, 56ஆவது கொடுங்கோன்மை. அங்கே அரசனுக்கு அதிகாரம் கூடிப்போயிற்று என்று யாரும் முறையிடவில்லை. "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு" என்ற 552ஆம் குறளைப் பாருங்கள்: வழிப்பறிக்காரன் வேலைக் காட்டிக் "கொடு" என்பதும், அரசன் கோலை வைத்துக்கொண்டு குடிகளிடம் கேட்பதும் ஒன்றே என்கிறது. ஆளப்படுபவரின் வலிதான் அந்தச் சொல்லின் அளவுகோல். முறை தவறினால் கோல் வளைகிறது. யார் எவ்வளவு அதிகாரம் வைத்திருந்தார் என்பது வேறு விசாரணை.

ஆகவே ஆங்கிலத்தில் "டிரனி" என்று வந்தால் கொடுங்கோன்மை நன்றாகப் பொருந்தும். பழைய கிரேக்க வரலாற்றில் மட்டும் விலக்கு உண்டு. அங்கே அந்தச் சொல் முதலில் குறித்தது பரம்பரை உரிமை இல்லாமல் ஆட்சியைப் பிடித்தவரை. அவர் நல்லவராகவும் இருக்கலாம்.

எதேச்சாதிகாரியும் நல்லவராக இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிரஷ்யாவின் இரண்டாம் பிரெடரிக், ஒஸ்திரியாவின் இரண்டாம் ஜோசப், ரஷ்யாவின் இரண்டாம் கத்தரீன் போன்றோரின் ஆட்சியை "அறிவொளிபெற்ற எதேச்சாதிகாரம்" என்பர். ஜோசப் 1781இல் சமயச் சகிப்புக்கு ஆணையிட்டார். அதே ஆண்டில் பண்ணையடிமை முறையைத் தளர்த்தினார். யாரையும் கேட்டுச் செய்யவில்லை. அதை "அறிவொளிபெற்ற கொடுங்கோன்மை" என்று பெயர்த்தால் நேர்கோலும் வளைகோலும் ஒரே கையில் இருக்கிறது என்று ஆகிவிடும்.

சிங்களத்தில் "ஏகாதிபதி" என்றால் தமிழில் ஏகாதிபத்தியவாதியா?

இல்லவே இல்லை. கொழும்பில் அதிகம் நடக்கும் பிழை இது, அதிக சேதம் செய்வதும் இதுவே.

சிங்களத்தில் "ஏகாதிபதி" என்றால் தனியொருவராக ஆள்பவர், அதாவது சர்வாதிகாரி. தமிழில் "ஏகாதிபத்தியம்" ஒரு நாடு வேறு நாடுகளை அடக்கி ஆளும் பேரரசுப் போக்குக்குப் போய்விட்டது: பிரித்தானிய ஏகாதிபத்தியம், அமெரிக்க ஏகாதிபத்தியம். அந்தப் பொருளுக்குச் சிங்களத்தில் "அதிராஜ்யவாதய" என்பார்கள். வேர் ஒன்றுதான்: ஏகம், அதிபதி. இரண்டு மொழிகளும் இரண்டு தெருவால் போய்விட்டன.

சேதம் எப்படி வருகிறது என்று பாருங்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் சிங்களத்தில் "இது ஏகாதிபதி ஆட்சி" என்று பேசுகிறார். அவசரத்தில் தமிழ்ச் செய்தி "இது ஏகாதிபத்திய ஆட்சி" என்று வருகிறது. அவர் உள்நாட்டில் ஒருவர் கையில் அதிகாரம் குவிகிறது என்று சொன்னார். தமிழ் வாசகரோ வெளிநாட்டுச் சக்திக்கு நாடு அடிமைப்பட்டதாகச் சொன்னார் என்று படிக்கிறார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாததால் மெய்ப்பு பார்ப்பவர் கண்ணுக்கும் தப்பிவிடும்.

இதே கூட்டத்தில் இன்னும் சில உண்டு. சிங்கள "ஏகாதிகாரய" சந்தையில் ஒருவருக்கே உள்ள ஆதிக்கம், தமிழில் ஏகபோகம். சிங்கள "ஆக்ஞாதாயக" என்பது ஆணையிட்டு ஆள்பவர் என்ற பொருளில் சர்வாதிகாரியையே குறிக்கிறது. "அத்தனோமதிக" என்பது பாளியிலிருந்து வந்தது, "தன் எண்ணப்படி" என்று பொருள். நமது "எதேச்சையான", "தன்னிச்சையான" ஆகியவற்றுக்கு மிகச் சரியான இணை அதுதான்.

ஆங்கிலத்து "ஒட்டோகிரசி" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "தன்னாட்சி" வருகிறதே?

வரும். கிரேக்கத்தில் "தான்" என்பதும் "ஆற்றல்" என்பதும் சேர்ந்த சொல் அது. ஆனால் தன்னாட்சி என்பது நம் அரசியலில் ஒரு மக்கள் தம்மைத் தாமே ஆளும் உரிமையைக் குறிக்கும். சுயாட்சி என்றும் சொல்வோம். ஒன்று தனியொருவரின் பிடி, மற்றது பிடியிலிருந்து விடுபடும் கோரிக்கை. இந்த நாட்டில் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது சின்னத் தவறு அல்ல.

"ஒற்றையாட்சி" என்பதும் அப்படியே. அது ஒருவரின் ஆட்சி அல்ல. சமஷ்டிக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் அரசமைப்பு வகை. அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை இலங்கை ஒற்றையாட்சி அரசு என்கிறது. ஐக்கிய இராச்சியமும் அடிப்படையில் ஒற்றையாட்சிதான். அங்கே எதேச்சாதிகாரம் நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. விடைத்தாள்களில் இந்தக் குழப்பம் ஏற்பட்டால் ஒரு கேள்விக்கான மதிப்பெண் முழுவதும் போய்விடும்.

வரம்பிலா முடியாட்சி என்பது எதேச்சாதிகாரத்தின் இன்னொரு பெயரா?

இரண்டும் நெருங்கியவை. ஆனால் முன்னது ஓர் ஆட்சிமுறையின் பெயர், பின்னது ஓர் ஆட்சியின் தன்மை. "இன்ன நாட்டில் வரம்பிலா முடியாட்சி நடக்கிறது" என்பது தகவல். "அரசர் எதேச்சாதிகாரி" என்பது தீர்ப்பு. கலைக்களஞ்சியக் கட்டுரையில் முன்னதையும், தலையங்கத்தில் பின்னதையும் வையுங்கள்.

வரம்பிலா என்ற சொல்லை நம்பி ஏமாறவும் வேண்டாம். டென்மார்க்கில் 1665இல் "அரசர் சட்டம்" என்று ஒன்றை எழுதினார்கள். வரம்பற்ற அதிகாரத்தையே எழுத்தில் சட்டமாக்கிய அரிய சான்று அது. மன்னர் எல்லாச் சட்டத்துக்கும் மேலானவர் என்றது. ஆனால் நாட்டைக் கூறுபோடக் கூடாது, லூத்தரன் விசுவாசத்தை விடக் கூடாது என்ற கட்டுகளையும் அதே சட்டம் வைத்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கை அனுப்பிவைத்த டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் இந்தச் சட்டத்தின் கீழ் ஆண்டவர்தான். தமிழ் அச்சுக்கலையின் ஒரு பெரிய அத்தியாயம் ஒரு வரம்பிலா மன்னரின் ஒற்றை விருப்பத்திலிருந்து தொடங்கியது.

ரஷ்யாவில் நடந்தது இன்னும் நுட்பமானது. சார் மன்னரின் அதிகாரம் "வரம்பற்றது, எதேச்சாதிகாரமானது" என்று இரண்டு அடைமொழியோடு சட்டத்தில் இருந்தது. 1905ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் டூமா என்ற மன்றம் வந்தது. 1906இல் அடிப்படைச் சட்டங்களைத் திருத்தியபோது "வரம்பற்ற" என்பதை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். இரண்டு சொல்லும் ஒன்றேயானால் அந்தத் திருத்தத்துக்கே பொருளில்லை. மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் "எதேச்சாதிகார" என்றே போட்டால் வாசகருக்கு எதை நீக்கினார்கள் என்பதே விளங்காது.

இன்றும் வரம்பிலா முடியாட்சி உண்டா?

உண்டு. சவூதி அரேபியா, ஓமான், புரூணை, எஸ்வாத்தினி ஆகியவற்றை அப்படி வகைப்படுத்துவது வழக்கம். சவூதியில் 1992ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஆட்சி அரச குடும்பத்தினுடையது. வத்திக்கான் இன்னொரு விதம். அங்கே ஆக்கவும் நிறைவேற்றவும் தீர்க்கவும் உள்ள முழு அதிகாரமும் பாப்பரசருக்கு. ஆனால் அவர் கர்தினால்களால் தெரிவு செய்யப்படுகிறார். முடியாட்சி என்றால் தந்தைக்குப் பின் மகன் என்று எழுதும் மாணவர்களுக்கு வத்திக்கானைக் காட்டுங்கள். தாய்லாந்தில் 1932இல் இம்முறை முடிந்தது.

"நானே அரசு" என்று பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி சொன்னாரா?

சொன்னார் என்பதற்கு அவர் காலத்துச் சான்று இல்லை. மேற்கோளாகப் போடாதீர்கள்.

இலங்கை வரலாற்றில் இந்தச் சொல்லுக்கு எங்கே இடம்?

மலைநாட்டில் 1660 முதல் 1679 வரை கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளியான தன் நூலில் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்சியைப் பற்றி எழுதும்போது மூன்று கருத்துகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்: கொடுங்கோன்மை, எதேச்சை, வரம்பின்மை. தன் தலையே தனக்கு ஆலோசகர் என்ற போக்கில் மன்னர் ஆள்கிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு அந்தப் பகுதியைவிட நல்ல பகுதி கிடைப்பது அரிது, ஏனென்றால் மூன்றுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைப் போட்டு ஒப்பேற்ற முடியாது.

பிறகு 1815. பெப்ரவரி 18ஆம் திகதி கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் பிரித்தானியரிடம் பிடிபட்டார். மார்ச் 2ஆம் திகதி கையெழுத்தான கண்டி ஒப்பந்தத்தின் முதல் வாசகமே குற்றப்பத்திரம்தான்: "மலபார்" அரசர் விசாரணையின்றி எதேச்சையாகவும் அநீதியாகவும் சித்திரவதையும் மரண தண்டனையும் விதித்தார் என்று தொடங்குகிறது. அங்கே மலபார் என்பது தென்னிந்திய வம்சத்தவர் என்பதைக் குறிக்கிறது. கேரளத்து மலபாரை அல்ல. அப்படியே எழுத்துப்பெயர்த்து விடாதீர்கள்.

அந்தக் குற்றப்பத்திரத்தை எழுதிய பிரித்தானியர் அடுத்துச் செய்தது என்ன? கொழும்பிலிருந்த தேசாதிபதியின் கையில் சட்டம், நிருவாகம் இரண்டையும் குவித்து வைத்துக்கொண்டார்கள். கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகளுக்குப் பின், 1833இல்தான் சட்டநிரூபண சபையும் நிருவாக சபையும் வந்தன. எதேச்சாதிகாரம் என்ற சொல் ஓர் ஆவணத்தில் வந்தால், யார் யாரை நோக்கிச் சொல்கிறார், எதைக் கைப்பற்றிய பின் சொல்கிறார் என்பதையும் படிக்க வேண்டும்.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை எதேச்சாதிகாரம் என்று எழுதலாமா?

கட்டுரையாளர் தன் பெயரில் எழுதலாம். செய்தியாளர் செய்தியில் எழுதக் கூடாது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அரசின் தலைவர், ஆட்சித்துறையின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், ஆயுதப் படைகளின் தளபதி ஆகிய எல்லாவற்றையும் ஒரே பதவியில் வைத்தது. 2015இன் 19ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மீண்டும் கொண்டுவந்து ஜனாதிபதியின் கையைக் கட்டியது. 2020இன் 20ஆம் திருத்தம் கட்டை அவிழ்த்தது, 2022இன் 21ஆம் திருத்தம் மறுபடி கட்டியது. ஒவ்வொரு தடவையும் விவாதத்தில் இந்தச் சொல் பறந்தது.

சொல்லைச் சோதிக்க நல்ல நிகழ்வு 2018. பாராளுமன்றத்தைக் காலத்துக்கு முன்பே கலைத்த கட்டளை அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்த ஆண்டு டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கட்டளை செல்லாமற் போயிற்று. கட்டளையை "எதேச்சாதிகாரச் செயல்" என்று ஒருவர் குறைகூறலாம். ஆட்சிமுறையையே எதேச்சாதிகாரம் என்றால், நீதிமன்றம் தடுத்ததும் அது நின்றதும் எப்படி என்று விளக்க வேண்டிவரும். செயலையும் முறையையும் பிரித்து எழுதுங்கள்.

இங்கே "அதிபர்" பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் "இலங்கை அதிபர்" என்றால் நாட்டின் தலைவர். இங்கே அதிபர் என்றால் பாடசாலை அதிபர். அங்கிருந்து வரும் செய்தியை அப்படியே ஒட்டி, "அதிபரின் எதேச்சாதிகாரம்" என்று தலைப்பிட்டால் வெள்ளவத்தையில் படிக்கும் பெற்றோர் எந்தப் பள்ளிக்கூடம் என்று தேடுவார்கள்.

அடிப்படை உரிமை மனுவில் இந்தச் சொல்லைப் போட்டால் வலுச்சேருமா?

சொல்லால் வலு வராது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு வைக்க வேண்டும். அந்த அவசரத்தில் கோபச் சொற்கள் நிறைந்த வரைவுகள் சட்டத்தரணியிடம் வருவது வழக்கம். "அதிகாரி எதேச்சாதிகாரமாக நடந்தார்" என்பதில் நிரூபிக்க எதுவுமில்லை. இன்ன திகதியில் விண்ணப்பம் கொடுத்தேன், இன்ன சுற்றறிக்கைப்படி எனக்குத் தகுதி உண்டு, அதே தகுதியுள்ள இன்னொருவருக்குக் கிடைத்தது, எனக்கு மறுத்தார்கள், காரணம் எழுத்தில் தரவில்லை என்று வரிசையாக எழுதினால் 12(1)ஆம் உறுப்புரையின் சமத்துவ வாதம் தானாக எழும். "எதேச்சையான முடிவு" என்ற தொடரைக் கடைசியில் ஒரு தடவை வைத்தால் போதும். எதேச்சாதிகாரம் என்ற பெரிய சொல்லை மேடைக்கு விட்டுவிடுங்கள்.

தலைப்பில் இடம் போதாதபோது?

எதேச்சாதிகாரம் எட்டெழுத்து, சர்வாதிகாரம் ஏழு, கொடுங்கோன்மை ஆறு, வல்லாட்சி ஐந்து. இடத்துக்காகச் சொல்லை மாற்றும் பழக்கம் இங்கேதான் வருகிறது. பேசியவர் சொன்ன சொல்லை விட்டு வேறு சொல்லைத் தலைப்பில் போட்டு மேற்கோள் குறியும் இட்டால் அது பொய் மேற்கோள். மேற்கோள் குறியை எடுத்துவிட்டுச் செயலைச் சொல்லுங்கள்: "கேட்காமல் முடிவு: எதிர்க்கட்சி சாடல்". எழுத்தும் மிச்சம், பொருளும் தெளிவு.

பேச்சு வழக்கில் இதற்கு என்ன சொல்வது?

வீட்டிலோ தெருவிலோ யாரும் "எதேச்சாதிகாரம்" என்று வாய் நிறையச் சொல்வதில்லை. "அவர் வச்சதுதான் சட்டம்" என்பார்கள், அல்லது "தான்தோன்றித்தனமா நடக்கிறார்" என்பார்கள். தான்தோன்றித்தனம் அருமையான சொல். எதேச்சை என்பதற்கு ஏறக்குறைய நேர்ச்சொல். தொடர்மாடிக் குடியிருப்பின் முகாமைக் குழு கூட்டம் வைக்காமல் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றிவிட்டதென்றால் அதைத் தான்தோன்றித்தனம் என்பதே அளவான சொல்.

"தடியெடுத்தவன் தண்டல்காரன்" என்ற பழமொழியை இங்கே இழுக்கிறவர்கள் உண்டு. அது எதேச்சாதிகாரத்துக்கு நேர் எதிர்: ஆள ஒருவரும் இல்லாத இடத்தில் தடி கிடைத்தவனெல்லாம் வரி வசூலிக்கிறான் என்பது அதன் பொருள்.

வடசொல் வேண்டாம் என்பவர்களுக்கு?

வல்லாட்சி, தனியாள் ஆட்சி, வரம்பிலா ஆட்சி என்று எழுதலாம். மூன்றில் "தனியாள் ஆட்சி" மிகத் தெளிவு, ஆனால் விருப்பப்படி என்ற கூறு அதில் விடுபடுகிறது. "தன்விருப்ப ஆட்சி" பொருளில் மிகச் சரி. காதில் இன்னும் பழகவில்லை. பரீட்சை எழுதுபவர்கள் பாடநூலில் உள்ள சொல்லையே எழுதுவது பாதுகாப்பு.

வாக்கியத்தில் எப்படிச் சேர்ப்பது?

அடைமொழியாக வரும்போது மகரம் கெட்டு, வல்லினம் வந்தால் மிகும்: எதேச்சாதிகாரப் போக்கு, எதேச்சாதிகாரச் சட்டம். மற்ற இடங்களில் மிகாது: எதேச்சாதிகார ஆட்சி, எதேச்சாதிகார மனப்பான்மை. ஆளைக் குறிக்க எதேச்சாதிகாரி. "எதேச்சாதிகாரத்தனம்" என்று தனம் சேர்ப்பது தேவையில்லாத வால். "எதேச்சாதிகாரவாதி" என்றால் அப்படி ஆள்பவர் அல்ல, அந்த முறைக்காக வாதாடுபவர். ஆளாமலே அதை ஆதரிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இந்தச் சொல்லுக்கும் வேலை உண்டு.